கனடா வீட்டுச் சூடு மூக்கை உலர்த்துதாம்!

உவர்மலையான் (ரொறன்ரோ):
கோணமலை நேற்று இங்கே எழுதியது: "கனடா வீடுகளில் ஃபர்னஸ் காற்றில் இருக்கிற ஈரத்தை எரித்துவிடும். மூக்கால் இரத்தம் வரும். மனிதன் இருக்கிற வீட்டுக்கு ரேடியேற்றர்தான்." இதை எழுதினவர் ரொறன்ரோவுக்கு வந்து போனது ஆடி மாதம். ஆடியில் எந்த வீட்டில் ஐயா ஃபர்னஸ் ஓடியது?

வீட்டுச் சூடாக்கிகள் பூட்டுவதுதான் எனக்குத் தொழிலே. ஃபர்னஸ் என்றால் வீட்டுக் காற்றைச் சூடாக்கி, விசிறியால் தகரக் குழாய் வழியாக அறைகளுக்கு அனுப்புகிற அடுப்பு. எரிவாயு எரிகிற இடம் வேறு, வீட்டுக் காற்று ஓடுகிற இடம் வேறு. நடுவில் உலோகச் சுவர். புகை தனிக் குழாயால் வெளியே போய்விடும். வீட்டுக் காற்று அந்தச் சூடான உலோகத்தின் மறுபக்கத்தைத் தொட்டுக்கொண்டு அறைகளுக்குத் திரும்பும். ஒரு சொட்டு ஈரம்கூட அதில் குறையாது.

கோணமலை (லண்டன்):
நீங்கள் சுவரைச் சொல்கிறீர்கள், நான் மூக்கைச் சொல்கிறேன். இரத்தம் வந்தது எனக்கில்லை, ரொறன்ரோ ஸ்காபரோவில் இருக்கிற என் மச்சாளுக்கு. அதுவும் தை மாதம். உதடு வெடித்து, கம்பளியைத் தொட்டால் ஷொக் அடிக்கிறதாம். எங்கள் வீட்டில் அப்படி ஒன்றுமில்லை. ரேடியேற்றர் பேசாமல் சுவரோரம் நிற்கும், உள்ளே சுடுதண்ணீர் ஓடும், அறை சூடாகும். இரைச்சல் இல்லை. ஒரு லீற்றர் தண்ணீர் சுமக்கிற சூட்டைச் சுமக்க உங்களுக்கு ஏறக்குறைய 3,500 லீற்றர் காற்று வேண்டும். அதற்குத்தானே வீடு முழுக்கத் தகரக் குழாய்?

உவர்மலையான்:
3,500 சரி. யார் இல்லை என்றது? கதை மூக்கைப் பற்றியது. வெளியே பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை என்று வையுங்கள். அந்தக் குளிரில் ஒரு கன மீற்றர் காற்று 2 கிராம் சொச்சத்துக்கு மேல் நீராவி தாங்காது. அதே காற்று கதவிடுக்கால் உள்ளே வந்து 21 பாகைக்குச் சூடானால் 18 கிராம் தாங்கும். ஆனால் கையில் இருப்பது அதே 2 கிராம். ஈரப்பதன் 13 வீதத்தைத் தாண்டாது. ஃபர்னஸால் சூடாக்கினாலும் சரி, ரேடியேற்றரால் சூடாக்கினாலும் சரி, கன்னியா வெந்நீரைக் குழாயில் விட்டாலும் சரி, கணக்கு மாறாது. லண்டனில் குளிர்காலத்திலும் வெளியே 5 பாகை இருக்கும். அந்தக் காற்றில் ஏறக்குறைய 6 கிராம் இருக்கும். உங்கள் மூக்கைக் காப்பாற்றுவது லண்டன் மழை, ரேடியேற்றர் இல்லை.

மான்குட்டி (திருகோணமலை):
அண்ணைமாரே, இங்கே பகல் 35 பாகை, கச்சான் காற்று அடித்து முற்றத்து வேம்பே வாடிப்போய் நிற்கிறது. நீங்கள் சூட்டுக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். எனக்கு ஒரு உண்மையான கேள்வி: அம்மாவை மார்கழியில் அனுப்ப வேண்டும். அண்ணா லண்டன், அக்கா ரொறன்ரோ. அம்மாவுக்கு மூச்சு இழுப்பு இருக்கிறது. எந்த வீடு நல்லது?

கோணமலை:
தம்பி, யோசிக்கவே வேண்டாம், லண்டன். ஃபர்னஸ் வீடென்றால் வீட்டுக்குள்ளேயே கச்சான்.

உவர்மலையான்:
கச்சானாம்! கச்சான் ஏன் காய்ந்து வருகிறது? மலைநாட்டின் மேற்குப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு இறங்கி வருவதால். வரும்போதே காய்ந்துதான் வருகிறது. நான் சொன்னதும் அதுதானே? உங்கள் உதாரணமே உங்களுக்கு எதிர். தம்பி, ஃபர்னஸில் ஃபில்ற்றர் இருக்கிறது, தூசியைப் பிடிக்கும். ரேடியேற்றரில் என்ன இருக்கிறது?

நிலாவெளி அக்கா (ஸ்காபரோ):
ஃபில்ற்றராம். நாங்கள் ஒரு வீட்டின் பேஸ்மென்றில், நிலக்கீழ்த் தளத்தில், வாடகைக்கு இருந்தபோது வீட்டுக்காரர் அதை மாற்றி நான் காணவில்லை. ஒருநாள் இழுத்துப் பார்த்தேன், விரல் தடிப்புக்குச் சாம்பல் தூசி. சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்ற்றாற் மேலே, பூட்டுப் போட்ட பெட்டிக்குள். மேலே அவர் சாரத்தோடு, கீழே நாங்கள் தொப்பியோடு. ரேடியேற்றரென்றால் ஒவ்வொன்றுக்கும் ஒரு திருகு, அறையறையாகக் கூட்டலாம், குறைக்கலாம்.

சாம்பல்தீவான் (ரொறன்ரோ):
அக்கா, நீங்கள் கீழே கருவாடு பொரித்தால் மேலே படுக்கையறை வரைக்கும் மணம் வந்த கதையையும் சொல்லலாமே. அந்த மனிசன் எனக்குத் தெரிந்தவர்.

நிலாவெளி அக்கா:
ஓ, அவருக்கு வக்கீலாக வந்திருக்கிறீர்களா? மணம் வருகிறது என்று முறைப்பாடு சொல்ல இறங்கி வந்தவர் ஒரு தட்டில் வாங்கிக்கொண்டும் போனவர். அதையும் கேளுங்கள்.

கோணமலை:
கருவாட்டு மணத்தைக் காவுகிற குழாய் கிருமியைக் காவாதா? மூக்குக்கு அதுவும் சேர்த்தி.

உவர்மலையான்:
கதையை மாற்றாதீர்கள். பேரனின் பிறந்தநாள் படம் போட்டிருந்தீர்கள். பின்னால் ரேடியேற்றர் மேல் சாரமும் துவாயும் காய்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகும்? அறைக் காற்றுக்குத்தான். பிறகு யன்னல் மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம். அதுவும் அதே படத்தில் இருக்கிறது.

கோணமலை:
பிள்ளையின் பிறந்தநாள் படத்தில் பூஞ்சணம் தேடுகிறவரோடு என்ன கதைப்பது? சரி, இதற்குப் பதில் சொல்லுங்கள். தகரக் குழாயின் பொருத்துகள் கசியும். சூட்டுக் காற்று வெளியே போனால் அந்த இடத்துக்கு வீடு வெளிக் காற்றை உறிஞ்சும். காய்ந்த காற்று. விசிறி பார்க்கிற வேலை அது. மூக்குக்கு அங்கேதான் வருகிறது வினை.

உவர்மலையான்:
குழாய் கூரைக்குள் ஓடுகிற வீட்டில் நடக்கும். இங்கே பெரும்பாலும் பேஸ்மென்றிலும் சுவருக்குள்ளும் ஓடுகிறது, கசிந்தாலும் வீட்டுக்குள்தான். போதாதென்றால் ஃபர்னஸோடு ஹியூமிடிஃபையர் பூட்டலாம், வீடு முழுக்க ஈரம் போகும். கோடையில் அதே குழாயால் ஏசியும் வரும். 2022 ஜூலை 19ஆம் திகதி இங்கிலாந்தில் 40 பாகை தாண்டியபோது ரேடியேற்றரைக் கட்டிப்பிடித்துக்கொண்டா இருந்தீர்கள்?

சாம்பல்தீவான்:
அண்ணை, 2013 மார்கழி உறைமழையையும் சொல்லுங்கள். ரொறன்ரோவில் சுமார் 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. உங்கள் விசிறி சுற்றியதா? எங்களுடையது பழைய வீடு, வார்ப்பிரும்பு ரேடியேற்றர். பம்ப் நின்றபிறகும் அந்த இரும்பு கன நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருந்தது. குடும்பத்தோடு வந்து பக்கத்தில் இருந்தது யார்?

உவர்மலையான்:
நான் வந்தது நீர் காசு சேர்த்து நடத்திய ஒன்றுகூடலின் கணக்குக் கேட்க. அந்தக் கணக்கு இன்றைக்கும் வரவில்லை.

சாம்பல்தீவான்:
கணக்குக் கேட்கப் போர்வையும் கொண்டா வந்தீர்கள்?

மான்குட்டி:
அம்மாவுக்கு ரிக்கெற் போட வேண்டும்...

கோணமலை:
மச்சாளுக்கு மூக்கால் இரத்தம் வந்ததா, இல்லையா? ஒரு சொல்லில் பதில் வேண்டும்.

உவர்மலையான்:
வெளிக் காற்று. இரண்டு சொல். இனியும் விளங்காவிட்டால் மச்சாளை எனக்கு எழுதச் சொல்லுங்கள், ஹியூமிடிஃபையர் பூட்டிக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். சாம்பல்தீவான், மண்டப வாடகை எவ்வளவு, சேர்ந்த காசு எவ்வளவு, மிச்சம் யாரிடம்? இங்கேயே போடும், எல்லாரும் பார்க்கட்டும்.