மறு: மாற்றங்களைத் தடமறிதல் – ‘திருத்தச் சுவடு’ என்று முன்மொழிகிறேன்

நண்பர்களுக்கு வணக்கம்.

சொற்செயலியில் ஒருவர் செய்யும் மாற்றங்களை மற்றவர்களும் பார்க்கும்படி பதிந்துவைக்கும் வசதிக்கு (Track Changes) நம் கலைச்சொல் பட்டியலில் ‘தடமறிதல்’ என்ற பெயரே போதும் என்று இருவர் எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. தடமறிவது என்றால் போனவர் போன வழியைத் தேடிக் கண்டுபிடிப்பது. மைக்ரோசாப்ட் வேர்ட் எதையும் தேடுவதில்லை. மீளாய்வுப் பட்டியில் அந்த வசதியை இயக்கியது முதல், சேர்த்த சொல்லின் கீழே கோடிடுகிறது. நீக்கிய சொல்லின் குறுக்கே கோடிழுக்கிறது. யார், எந்த நாள், எத்தனை மணிக்குச் செய்தார் என்பதையும் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கிறது. இயக்குவதற்கு முன் நடந்தது அதற்குத் தெரியாது. ஆகவே சொல்லில் ‘அறிதல்’ வேண்டாம். விட்டுச்சென்ற அடையாளம் என்ற பொருள் வேண்டும். ‘திருத்தச் சுவடு’ அதைத் தருகிறது.

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நாங்கள் சிலர் காணி உரிமை பற்றி ஒரு மனு தயாரித்தோம். வரைவு பலருடைய கைகளுக்குப் போய்வந்தது. தோட்டங்களில் வரிசையாகக் கட்டிய லயன் அறைகளில் வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் 7 பேர்ச் (நில அளவு) காணி, உறுதியுடன், அதாவது உரிமைப் பத்திரத்துடன், வேண்டும் என்பது கோரிக்கை. திரும்பிவந்த பிரதியில் ‘உறுதி’ அடிபட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பு எழுத்தில் ‘அனுமதிப்பத்திரம்’ என்று இருந்தது. உறுதி கைக்கு வந்தால் காணி நம்முடையது. அனுமதிப்பத்திரம் என்றால் நிபந்தனைகளோடு இருக்க விடுகிறார்கள், அவ்வளவுதான். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் நாங்கள். ஓர் ஆவணத்தில் ஒரு சொல் மாறினால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

மாற்றியவர் கெட்ட எண்ணத்தில் மாற்றவில்லை. உடனே கிடைக்கக்கூடியதைக் கேட்போம் என்பது அவருடைய வாதம். கோட்டின் மேல் சுட்டியை வைத்ததும் பெயர் தெரிந்தது; அவரை அழைத்துப் பேசினோம்; மாற்றத்தை நிராகரித்தோம். அந்த வசதி இயங்காமல் இருந்திருந்தால் உறுதி ‘சுவடு தெரியாமல்’ போயிருக்கும். நாம் அன்றாடம் புழங்கும் இந்தத் தொடரே என் முதல் வாதம். அட்டை கடித்த சுவடு என்று கொழுந்து பறிக்கும் பெண்களும் சொல்கிறார்கள்; இலக்கியச் சொல் என்று சுவட்டைத் தள்ளிவைக்க முடியாது.

‘திருத்தம்’ என்றால் சரிப்படுத்துவது, எல்லா மாற்றமும் சரிப்படுத்துவதாகுமா என்று ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் இலங்கையில் அச்சொல்லின் பொருள் எப்போதோ விரிந்துவிட்டது. 2015இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் ஜனாதிபதியின் அதிகாரங்களைக் குறைத்தது. 2020இல் 20ஆம் திருத்தம் அவற்றில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டையும் திருத்தம் என்றுதான் அழைத்தோம்.

‘சுவடு’ என்பதை அடியாக வைத்தால் மற்றக் கட்டளைகள் எளிதில் அமையும்: சுவடு பதி, சுவடு காட்டு, சுவடு மறை, ஏற்றுக்கொள், நிராகரி. ‘மறை’ என்பதையும் ‘ஏற்றுக்கொள்’ என்பதையும் எக்காரணம் கொண்டும் நெருங்கிய சொற்களாக அமைக்கக் கூடாது. குறியீடுகள் இல்லாத காட்சிக்கு மாற்றியதும் பக்கம் துப்புரவாகத் தெரியும். வேலை முடிந்துவிட்டது என்று அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். பெறுபவர் திறந்து காட்சியை மாற்றினால் அடித்ததும் சேர்த்ததும், உள்ளே நடந்த வாக்குவாதமும் அவர் கண்முன் வரிசையாக நிற்கும். ஏற்றாலோ நிராகரித்தாலோ மட்டுமே சுவடு நீங்கும். பயனர் குழம்பும் இடம் இதுதான் என்பதால் சொற்களில் நாம் மிகவும் கவனமாக இருக்க வேண்டியதும் இங்கேதான்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்லவேண்டும். மெய்ப்புத் திருத்துபவர் ‘தோட்ட தொழிலாளர்’ என்பதில் ஒற்று சேர்க்கிறார். அதுவும் ஒரு சுவடு. நீண்ட வரைவில் இப்படி ஒற்றும் புள்ளியுமாகப் பக்கமெல்லாம் சிவந்துவிட்டால், நடுவே உறுதி அனுமதிப்பத்திரமானதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. கீழ்க்கோடு வேறு உகரக் குறிகளோடு ஒட்டிக்கொள்கிறது. புள்ளியை மட்டும் தனியே சேர்த்தால் அது எழுத்தைவிட்டு விலகி, வெற்று வட்டத்தின் மேல் நிற்பதும் உண்டு. அந்த எழுத்தை முழுதாக அழித்து மீண்டும் தட்டெழுதுவதே நல்லது. ஆகவே எழுத்துப்பிழைகளைத் தனிச் சுற்றாகத் திருத்தி, ஏற்று முடித்த பிறகே கருத்து மாற்றங்களைத் தொடங்க வேண்டும். முன்னதை ‘எழுத்துச் சுற்று’, பின்னதைப் ‘பொருட்சுற்று’ என்று எங்கள் குழுவில் அழைக்கிறோம். இவை கலைச்சொல் பட்டியலுக்கு வேண்டியதில்லை. உதவிக் குறிப்புகளில் சேர்க்கலாம்.

‘தடமறிதல்’ என்ற சொல்லை வீணாக்கவும் வேண்டாம். சுவடு பதியாமல் ஒருவர் மாற்றியனுப்பிய கோப்பைப் பழைய பிரதியோடு வைத்து, வேறுபாடுகளை வேர்ட் கண்டுபிடித்துக் காட்டும் வசதி ஒன்று இருக்கிறதே, அங்கே நடப்பதுதான் தேடிக் கண்டுபிடிப்பது. லிப்ரே ஆபிஸிலும் அது உண்டு. இப்போது ‘ஒப்பிடு’ என்று வெறுமனே நிற்கும் அந்தக் கட்டளைக்குத் தடமறிதலைக் கொடுத்துவிடலாம்.

கடவுச்சொல் வைத்து, மற்றவர்கள் பதிவை நிறுத்தாதபடி தடுப்பதற்குச் ‘சுவடுப் பூட்டு’ என்று வைத்திருக்கிறேன். ஓரத்தில் எழுதும் கருத்துகளுக்கு ‘ஓரக்குறிப்பு’ சரியா, ‘பக்கக்குறிப்பு’ சரியா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை. பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பவர்கள் இரண்டையும் மாணவர்களிடம் சொல்லிப் பார்த்து எழுதினால் உதவியாக இருக்கும்.