பெருவட்டத் தொலைவு, நிலையிடை நேரம்: இழைக்கு மறுமொழி

வணக்கம். விமானப் பயணத்தின் தொலைவையும் நேரத்தையும் குறிக்கத் தமிழில் புதுச் சொற்கள் வேண்டும் என்ற பேச்சில் எழுந்த கேள்வி இது:

> தொலைவு, பயண நேரம் என்று இரண்டு சொல் இருக்க, புதிதாக எதற்கு?

அந்த இரண்டும் போதவில்லை ஐயா. ஹெல்சிங்கியையும் டோக்கியோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். உலக உருண்டை மேல் நூல் பிடித்து அளந்தால் சுமார் 7,800 கி.மீ. 2022க்கு முன் பின்லாந்து விமானம் சைபீரியா வழியாக ஒன்பதரை மணி நேரத்தில் போய்விடும். ரஷ்யா தன் வான்வெளியை மூடியதும், வட துருவத்தைச் சுற்றிக்கொண்டு 13 மணி நேரம் ஆனது. ஊர்கள் என்னவோ இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. ஆகவே நூல் பிடித்த அளவுக்குப் பெருவட்டத் தொலைவு, பறந்த அளவுக்கு வழித்தொலைவு. பெருவட்டம், அதாவது உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டம், ஏற்கெனவே கணிதத்தில் புழங்கும் சொல்தான்.

வழி நீண்டால் நேரமும் நீளும் என்றும் இல்லை. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக்கை விட்டுப் பசிபிக் பக்கமாகத் திருப்பியது. 13,900 கி.மீ. போய் 15,300 கி.மீ. ஆயிற்று. ஆனாலும் வானுயரத்தில் கிழக்கு நோக்கி வேகமாக வீசும் ஜெட் காற்று முதுகில் தள்ள, பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கிவிட்டது. முன்பைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் மிச்சம்.

சரி, நேரத்துக்கு வருவோம். சக்கரம் ஓடுபாதையை விட்டு எழும்பியதிலிருந்து மறுபடி தரை தொடும்வரை பறப்பு நேரம். இதில் தகராறில்லை. ஆனால் அட்டவணையில் அச்சாவது இதுவல்ல, ‘பிளாக் டைம்’. சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கட்டையை எடுத்ததிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் இதில் சேரும். இதற்கு முந்தைய மடலில் ஒருவர் சொன்ன ‘கட்டை நேரம்’ பொருளளவில் கச்சிதம்தான். ஆனால் ‘கட்டையில போக’ என்று வைகிற நாட்டில் அதை டிக்கெட்டில் அச்சடித்தால் யார் ஏறுவார்கள்?

தேருக்கும் முட்டுக்கட்டை உண்டு. அதை எடுத்துவிட்டு வடம் பிடித்தால் தேர் நிலையிலிருந்து கிளம்பும். வீதி சுற்றி, நடுவே எத்தனை இடத்தில் நின்றாலும், நிலைக்கு வந்தால்தான் தேரோட்டம் முடிந்தது என்போம். விமானத்துக்கும் அந்த ‘நிலை’யையே வைக்கலாம். என் பரிந்துரை: நிலையிடை நேரம்.

— — —

இதற்கு இன்னொருவர் எழுதிய மறுமொழி:

> நிலையிடை நேரம்

‘நிலை’ எனக்கும் சம்மதம். ‘இடை’தான் இடிக்கிறது. விமான நிலையம் நம் வாயில் ஊறிய சொல்லாயிற்றே. படிப்பவர்கள் இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்டது என்று எடுத்துக்கொண்டு, பறப்பு நேரத்தோடு குழப்புவார்கள். ‘நிலைக்குநிலை நேரம்’ என்றால் கொஞ்சம் நீளம், ஆனால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது சொல்லிலேயே தெரியும். அறிவிப்புப் பலகையில் இடம் போதாவிட்டால் ‘நி.நி. நேரம்’ என்று போட்டுக்கொள்ளட்டும்.

பயண நேரம் என்பதை மட்டும் பயணிக்கே விட்டுவிடுவோம். வீட்டைப் பூட்டியதிலிருந்து போய்ச் சேரும்வரை எல்லாம் அதில் அடங்கட்டும்.