கார்பன் குறைப்புத் திட்டம்: சரக்குப் போக்குவரத்துக் கணக்கில் உதவி தேவை

பிரிட்டன் மத்திய அரசின் டெண்டர், ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டுக்கு மேல். கார்பன் குறைப்புத் திட்டம் கட்டாயம். 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உறுதிமொழி, அடிப்படை ஆண்டு, இயக்குநர் ஒப்புதல், இணையதள வெளியீடு எல்லாம் தயார். ஸ்கோப் 1 (நம் எரிபொருள் முதலியவற்றின் நேரடி உமிழ்வு), ஸ்கோப் 2 (வாங்கும் மின்சாரம் முதலியவற்றின் உமிழ்வு) கணக்கும் முடிந்தது.

சிக்கல் ஸ்கோப் 3-இல்தான் (நம் தொழிலால் மற்றவர்களிடம் எழும் உமிழ்வு). கேட்கும் ஐந்து வகைகளில் கழிவு, வேலை நிமித்தப் பயணம், பணியாளர் வேலைக்கு வந்துபோவது மூன்றும் பிரச்சினையில்லை. மீதி இரண்டும் சரக்குப் போக்குவரத்து. சரக்கு அனுப்பும் லாரிக்கு நாமே வாடகை கொடுத்தால் வகை 4, வாங்குபவர் கொடுத்தால் வகை 9. இதை மாற்றிப் போட்டால் இரண்டு வகையின் எண்ணும் தப்பாகிவிடும். (பலரும் தவறுவது இங்கேதான்.)

லாரிக்காரர்கள் தருவதோ வாடகை பில் மட்டும். எடையும் தூரமும் இல்லை. அரசு ஆண்டுதோறும் வெளியிடும் உமிழ்வுக் காரணிகளால் பெருக்க டன்-கிலோமீட்டர் (டன்னில் எடை × கிலோமீட்டரில் தூரம்) வேண்டும். டெலிவரி சலானில் உள்ள எடையையும் பின்கோடு தூரத்தையும் வைத்துக் கணக்கிட்டவர்கள் இருக்கிறீர்களா? திரும்பும் காலி வண்டியை எப்படிச் சேர்த்தீர்கள்? மாதிரித் தாள் இருந்தால் பகிருங்கள்.