‘வலை’ வேண்டாம், ‘விரியுரு’ ஆகட்டும்

வணக்கம்.

கணிதப் பாடத்தில், பெட்டியைப் பிரித்துத் தட்டையாக விரித்தால் கிடைக்கும் வடிவத்துக்கு (ஆங்கிலத்தில் ‘net’) நேர்பெயர்ப்பான ‘வலை’யே போதும், பழகிவிட்டது என்று இந்தக் கலைச்சொல் உரையாடலில் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. வலை என்றால் கண்ணும் முடிச்சும் வேண்டும். எட்டு வயதுப் பிள்ளையின் கையிலிருக்கும் அட்டையில் ஓட்டை ஒன்றுகூட இல்லையே!

என் பரிந்துரை ‘விரியுரு’. விரித்த பின்னும் பொருந்தும், இனி விரிக்கப்போவதற்கும் பொருந்தும். வினைத்தொகையின் வசதி அது. ‘தொடுகோடு’ இந்த வார்ப்பில் வந்ததுதான். ‘தட்டைப்படம்’ என்ற மாற்றையும் பார்த்தேன். படம் என்று சொன்னால் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருக்கும், மடிக்கத் தோன்றாது.

ஒரு பற்பசைப் பெட்டியை வைத்துச் சோதிக்கலாம். ஒட்டவும் செருகவும் விட்டிருக்கும் மடல்களை முதலில் கத்தரித்துவிடுங்கள். அவை விரியுருவில் சேரா. மிஞ்சுவது ஆறு செவ்வகங்கள், எதிரெதிர் முகங்கள் ஒரே அளவாக மூன்று சோடி. இந்தப் பெட்டி வடிவமான கனச்செவ்வகத்துக்கு விளிம்புகள் 12. ஆறு முகங்களும் உதிர்ந்துபோகாமல் ஒரே துண்டாகக் கிடக்க வேண்டுமானால் 5 விளிம்புகள் மடிப்பாக நிற்கும், 7 வெட்டுப்படும். வெட்டிய விளிம்பு ஒவ்வொன்றும் இரண்டு முகங்களுக்கும் ஓரமாகிவிடுவதால், விரியுருவைச் சுற்றி 14 ஓரங்கள். எந்த வழியில் வெட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. பெட்டியில் எட்டாக இருந்த முனைகளும் தாளில் 14 புள்ளிகளாகச் சிதறிவிடும். மடிக்கும்போது எந்தப் புள்ளி எதனோடு போய்ச் சேரும் என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பில் சத்தம் அடங்காது.

கனசதுரத்தில் இன்னும் சுவை. ஆறு சதுரங்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்தால், திருப்பியதையும் புரட்டியதையும் ஒன்றாகவே எண்ணினாலும், 35 உருக்கள் வரும். அவற்றில் 11 மட்டுமே மடிந்து கனசதுரமாகும். “இது விரியுருவா?” என்று கேட்டால் கேள்வியிலேயே செயல் இருக்கிறது. “இது வலையா?” என்று கேட்டால் பிள்ளை நம் முகத்தைத்தான் பார்க்கும். (ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-லேயே திண்மங்களை இப்படி விரித்து வரைந்து அச்சிட்டுவிட்டார். நாம் இப்போதுதான் பெயர் வைக்கச் சண்டை போடுகிறோம்.)

கூடவே மற்ற சொற்களையும் முடித்துவிடுவோம். சதுரத்துக்கு நான்கு பக்கம் என்று கற்பித்துவிட்டு, பெட்டிக்கு ஆறு பக்கம் என்று சொன்னால் கோடும் பரப்பும் குழம்பும். பேச்சில் எப்படியோ போகட்டும். பாடத்தில் பரப்புக்கு ‘முகம்’, முகங்கள் சந்திக்கும் கோட்டுக்கு ‘விளிம்பு’, ‘பக்கம்’ தட்டை வடிவங்களுக்கு மட்டும். விளிம்புகள் சந்திக்கும் புள்ளிக்கு ‘உச்சி’ என்பது தொடக்க வகுப்புக்கு ஒத்துவராது. உச்சி என்றதும் பிள்ளை மேலேதான் தேடும். பெட்டியின் எட்டில் நான்கு தரையில் அல்லவா இருக்கின்றன! ‘முனை’ போதும்.

மடிக்கும் விளிம்புக்கு ‘மடிகோடு’ என்று வைக்கலாம். வெட்டும் விளிம்புக்குத்தான் சொல் அகப்படவில்லை. ‘வெட்டுக்கோடு’ வட்டத்தை இரு புள்ளிகளில் வெட்டும் கோட்டுக்குப் போய்விட்டது. ‘பிரிவிளிம்பு’ என்று எழுதிப் பார்த்தேன், நாக்கில் இடறுகிறது. வேறு ஏதேனும் தோன்றினால் எழுதுங்கள்.