சொந்தத் தொழில்தான், ஆனால் ‘தொழில்முனைவோர்’ என்று சொல்ல வாய் வரவில்லை

வைண்டிங்_மேசை:
சம்பள வேலையை விட்டு நான்கு வருடம் ஆகிறது. எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் (செம்புக் கம்பிச் சுருள்) கட்டிக் கொடுக்கிறேன், கூட இரண்டு பேர் இருக்கிறார்கள், மாதம் பிறந்தால் அவர்களுக்குச் சம்பளம் போடுகிறேன். ஆனாலும் படிவத்தில் ‘தொழில்’ என்ற இடம் வந்தால் பேனா நின்றுவிடுகிறது. மெக்கானிக் என்று எழுதினால் பொய்யில்லை. தொழில்முனைவோர் என்று எழுதினால் இரவல் சட்டை போட்டது போல இருக்கிறது. ‘நான் தொழில்முனைவோர்’ என்ற எண்ணம் உங்களுக்கெல்லாம் எப்போது வந்தது? தானாக வருமா, அடுத்தவர்கள் சொல்லிச் சொல்லி வருமா?

கடைசி_பெஞ்ச்:
எனக்கு முதல் ஆர்டர் கிடைத்த அன்று வரவில்லை. ஒரு வாடிக்கையாளர் பணம் தராமல் இழுத்தடித்த மாதம், கூட இருந்தவருக்குச் சம்பளம் போட்டுவிட்டு நான் ஒன்றும் எடுக்காமல் வீட்டுக்குப் போனேன். பெருமை எல்லாம் இல்லை, எரிச்சல்தான். யாரிடமாவது போய்ச் சண்டை போடலாம் என்று பார்த்தால் எனக்கு மேலே ஆளே இல்லை, அப்போதுதான் உறைத்தது. அடுத்தவர் சொல்வதும் வேலை செய்யும். கடன் கேட்கப் போன இடத்தில் அந்த அதிகாரி ‘உங்கள் நிறுவனம்’, ‘உங்கள் நிறுவனம்’ என்று சொல்லச் சொல்ல நானும் அப்படியே பேச ஆரம்பித்தேன்.

பழைய_நூலகம்:
முதலாளி என்ற சொல்லுக்குள் இருப்பது முதல், போட்ட பணம். முனைவோருக்குள் இருப்பது முனைதல், ஒரு வினை. பணம் போடுகிறவர் வேறு, புதிதாக ஒன்றை நடத்திக் காட்டுகிறவர் வேறு என்று பொருளாதார அறிஞர் ஜோசப் ஷும்பீட்டர் 1911லேயே பிரித்தார். அதோடு விடவில்லை. தொழில் நிலைத்து, மற்றவர்களைப் போல வழக்கமாக ஓட்ட ஆரம்பித்ததும் அந்தப் பெயரும் போய்விடும் என்றார். அவர் கணக்கில் நம்மில் பலர் தேறமாட்டோம். அவருக்கு வெகு முன்பே பொருளாதாரம் பற்றி எழுதிய ரிச்சர்ட் கேன்டிலன் இவ்வளவு கறார் இல்லை. தெரிந்த விலைக்கு வாங்கிவிட்டு, என்ன வரும் என்று தெரியாமல் விற்கிற எல்லாரையும் சேர்த்துக்கொண்டார். 1755இல் அச்சான அவருடைய எழுத்தில் பிச்சைக்காரரும் திருடரும்கூட அந்த வரிசையில் வருகிறார்கள், அவர்களுக்கும் நிச்சய வருமானம் இல்லையே! செம்புக் கம்பியை வாங்கி அடுக்கிவிட்டு நாளைக்கு எத்தனை மோட்டார் வரும் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இடம் இல்லாமலா?

நிழல்_மரம்:
எங்கள் வீட்டில் அப்பா, சித்தப்பா எல்லாரும் சொந்தத் தொழில், அதனால் எனக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. ரத்தத்தில் ஊறியது என்பார்கள். ஸ்வீடனில் தத்துப் பிள்ளைகளை வைத்துச் செய்து 2015இல் வெளியான ஆய்வில், பிள்ளைகள் சொந்தத் தொழிலுக்கு வருவதில் பெற்றவர்கள் தொழில் நடத்தியதற்கும் பங்கு இருந்தது, ஆனால் வளர்த்தவர்களின் பங்கு அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பார்த்து வளர்வதுதான் பெரிது போல. இதில் ஒரு கஷ்டமும் உண்டு. என் தொழிலை மூடியபோது போனது வருமானம் மட்டும் இல்லை, ‘இப்போ என்ன பண்றே’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று ஒரு வருடம் கல்யாணம் காட்சிக்கே போகவில்லை. உங்கள் பேனா நிற்பது நல்லதுதான் என்பேன்.

கடைசி_பெஞ்ச்:
நல்லதா? ஒப்புக்கொள்ள மாட்டேன். தன்னை மெக்கானிக் என்று மட்டும் நினைப்பவர் கேட்பதும் மெக்கானிக் கூலிதான். ஆட்கள் சும்மா இருந்த நாள், கட்டிய காயில் திரும்ப எரிந்தால் செய்து கொடுக்கும் பொறுப்பு, இதெல்லாம் பில்லில் ஏறவே ஏறாது. வைண்டிங்_மேசை எவ்வளவு வாங்குகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

வைண்டிங்_மேசை:
சரி, மாட்டிக்கொண்டேன். போன வாரம்தான் ஒரு மோட்டார் இரண்டாவது தடவை வந்தது, கம்பி, வார்னிஷ் எல்லாம் என் கையிலிருந்து போட்டு ஒன்றும் வாங்காமல் கட்டிக் கொடுத்தேன். அந்தச் செலவை எந்த நோட்டிலும் எழுதவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன். திருடர் வரிசையில் இடம் பிடித்துக் கொடுத்த நூலகத்துக்கு நன்றி.