அம்மாவுக்கு அமிலாய்ட் பெட் ஸ்கேன்: எடுத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மாவுக்கு 71 வயது. போன வாரம் ஃபில்டரில் பொடியே போடாமல் வெந்நீரை ஊற்றி, டிகாஷன் இறங்கட்டும் என்று அரை மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எம்ஆர்ஐயில் மூளை லேசாகச் சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அல்சைமர்தானா என்று உறுதிசெய்ய நரம்பியல் டாக்டர் அமிலாய்ட் பெட் எழுதிக் கொடுத்திருக்கிறார். மூளையில் அமிலாய்ட் என்ற புரதம் படிந்திருக்கிறதா என்று, லேசான கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றிப் பார்க்கிற ஸ்கேன் அது.

ஒரு ஸ்கேன் சென்டரில் "பெட் இருக்கு, வாங்க" என்றார்கள். போய் விசாரித்தால் அது எஃப்டிஜி என்ற வேறு மருந்தை ஏற்றி எடுக்கிற பெட். மூளை எங்கே சர்க்கரையைக் குறைவாக எடுக்கிறது என்றுதான் அதில் தெரியும், படிந்த புரதம் தெரியாது. அமிலாய்டில் ஒட்டுகிற மருந்தே வேறு: ஃப்ளோர்பெட்டாபிர், ஃப்ளோர்பெட்டாபென் மாதிரி. அதிலுள்ள ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்கப் பொருள் சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும், வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. (மூன்று மணி நேரம் பஸ்ஸில் போய்த்தான் இதைக் கற்றுக்கொண்டேன்!)

தமிழ்நாட்டிலோ பெங்களூரிலோ இதை எடுத்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எத்தனை நாள் முன்னால் பதிவு செய்தீர்கள்? செலவு எவ்வளவு ஆச்சு? அதற்குப் பதில் முதுகுத்தண்டு நீர் எடுத்துப் பார்த்தவர்கள் உண்டா? அம்மாவுக்கு ஊசி என்றாலே நடுக்கம், அதனால்தான் தயங்குகிறேன்.

இன்னொன்று. ஞாபகம் நன்றாக இருக்கிற வயதானவர்களுக்கும் அமிலாய்ட் படிந்திருக்கலாமாம். அப்படியிருக்க, ரிசல்ட் வந்த பிறகு உங்கள் வீட்டில் சிகிச்சை ஏதாவது மாறியதா? எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது அதுதான்.