13 வயதுப் பூனை, தட்டு வரை ஓடி வருகிறது, சாப்பிடாமல் போகிறது – உதவி தேவை

முதுநகர் வீடு:
கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் செவலைக்கு 13 வயது. மீன் பையைப் பிரித்தாலே காலைச் சுற்றும் பூனை. இப்போதும் ஓடி வருகிறது, கத்துகிறது, ஆனால் வேகவைத்த சங்கராத் துண்டை வாயில் எடுத்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே கீழே போட்டுவிடுகிறது. மீன் வெந்த தண்ணீரை மட்டும் நக்குகிறது. கடையில் வாங்கும் உலர் தீவனத்தை இப்போது தொடுவதே இல்லை. முதுகைத் தடவினால் எலும்பு கையில் இடிக்கிறது. எல்லோரும் "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்கிறார்கள், எனக்கு மனசு ஒப்பவில்லை.

லாஸ்பேட்டை தம்பி:
அக்கா, உங்கள் மனசு சொல்வதுதான் சரி. பசியில்லாத பூனை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உங்களுடையதற்குப் பசி இருக்கிறது, மெல்லத்தான் முடியவில்லை. எங்கள் வீட்டுக் கிழவிப் பூனையும் இப்படித்தான் தலையைச் சாய்த்தாள், கடைவாய்ப் பல் ஈறு ஓரத்தில் அரித்துக் கரைந்து போயிருந்தது. பூனைகளுக்கு இது நிறையவே வரும். உதட்டை மட்டும் மெதுவாகத் தூக்கி ஈறைப் பாருங்கள், வாயைப் பிளக்காதீர்கள். அப்புறம், தண்ணீர் வழக்கத்தைவிட அதிகம் குடிக்கிறதா?

முதுநகர் வீடு:
பார்த்தேன் தம்பி. கடைவாயில் ஈறு ஓரம் கோடு போட்ட மாதிரி செக்கச்செவேல் என்று இருக்கிறது, நாற்றமும் அடிக்கிறது. தண்ணீர், ஆமாம், செடித் தொட்டித் தட்டில் நிற்பதைக்கூட விடுவதில்லை. வலிக்கு நாம் போடும் மாத்திரையில் கால் துண்டு கொடுக்கலாமா?

குரும்பாபேட் மாணவி:
வேண்டவே வேண்டாம் அக்கா! பாராசிட்டமால் கால் மாத்திரைகூடப் பூனையின் உயிரை எடுத்துவிடும், அதைப் பிரித்து வெளியேற்றும் சக்தி அதன் ஈரலுக்கு மிகக் குறைவு. நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன், அதனால் அடித்துச் சொல்கிறேன்.

பல் ஒரு பக்கம் இருக்கட்டும், அதிகத் தண்ணீரும் இளைப்பும் சேர்ந்து வந்தால் சிறுநீரகம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பார்த்தாக வேண்டும். வயதான பூனைக்குத் தைராய்டு கூடினால் நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும், அதனால் தட்டு காலியானாலும் நிம்மதி அடைய முடியாது. ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), சர்க்கரை, டி4 (தைராய்டுக்கு), கூடவே சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். பல்லைப் பிடுங்க மயக்க மருந்து தர வேண்டும், அதற்கும் இந்த முடிவுகள் தேவை. கடலூரில் வசதி இல்லையென்றால் புதுச்சேரி குரும்பாபேட் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள், கூடையைத் துணியால் மூடினால் பஸ்ஸில் மிரளாது.

தள்ளிப்போட வேண்டாம். பூனை இரண்டு மூன்று நாள் அடியோடு சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்துவிடும், மஞ்சள் காமாலை வரைக்கும் போகும். டாக்டரிடம் காட்டும் வரை முள் எடுத்த மீனையோ கோழியையோ மிக்ஸியில் கூழாக்கி வெதுவெதுப்பாகக் கொடுங்கள், சூட்டில் வாசனை ஏறும், வயதானதுகளுக்கு மூக்கு மந்தம். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வாயில் திணிக்காதீர்கள், புரையேறும்.

முதுநகர் வீடு:
போய்வந்தோம். இரண்டு கடைவாய்ப் பல் கெட்டுப்போய்விட்டது, பிடுங்கத்தான் வேண்டுமாம். கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல், சர்க்கரையும் தைராய்டும் சரியாக இருக்கின்றன. முதலில் தோலுக்கடியில் திரவம் ஏற்றி உடம்பைத் தேற்றிவிட்டு, அப்புறம் பல் என்றார்கள். வலிக்குப் பூனைக்கே உரிய மருந்து கொடுத்திருக்கிறார்கள். நேற்று ராத்திரி கூழைத் தட்டு வழித்துச் சாப்பிட்டது. பல் போனபின் எப்படித் தின்னும்?

லாஸ்பேட்டை தம்பி:
கவலையே படாதீர்கள் அக்கா, எங்கள் கிழவிக்கு இப்போது பின்னால் ஒரு பல்கூட இல்லை, புண் ஆறியதும் முன்னைவிட நன்றாகச் சாப்பிடுகிறாள். பூனை மென்று அரைப்பது குறைவு, விழுங்குவதுதான் அதிகம். எடையை மட்டும் வாரம் ஒருமுறை பாருங்கள், பூனையைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழித்தால் போதும். குறைந்துகொண்டே போனால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்டிவிடுங்கள்.

குரும்பாபேட் மாணவி:
தண்ணீர்க் கிண்ணத்தையும் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள் அக்கா, சிறுநீரகத்துக்கு அது முக்கியம். சிறுநீரகத்துக்கென்று தனித் தீவனம் உண்டு, ஆனால் பல் ஆறும் வரை அதற்கு அவசரப்பட வேண்டாம், இப்போதைக்கு எதையாவது சாப்பிட்டால் போதும்.